ஒரே தாக்கத்துக்கு இரண்டு வகைப் பெயர் வந்தால் எதை எழுதுவது?

மகனீசியம் நாடா எரிவதைச் சேர்க்கைத் தாக்கம் என்று ஒரு வினாத்தாளில் எழுதியதற்குப் புள்ளி கிடைத்தது, வேறோர் இடத்தில் பார்த்த விடையில் அதே தாக்கத்துக்கு ஒட்சியேற்றம் என்று போட்டிருக்கிறது, எது சரி? சமன்பாட்டைப் பார்த்தவுடன் வகையைச் சொல்லக் குறுக்குவழி ஏதும் உண்டா? உப்பைத் தண்ணீரில் கரைப்பதும் இரசாயனத் தாக்கமா? ஹட்டன் பக்கத்தில் இருந்து சாதாரண தரம் எழுதப்போகும் ஒருவர் கேட்டது இது. மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு தாக்கத்துக்கு ஒரே ஒரு வகைதான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஒன்று எது என்று தேடுகிறீர்கள். அப்படி ஒரு விதி இல்லை. மகனீசியம் எரிவது சேர்க்கையும்தான், தாழ்த்தேற்றமும்தான் (ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் சேர்ந்து நடப்பது), புறவெப்பத் தாக்கமும்தான், தகனமும்தான். நான்கும் சரி.

என்னைப் பற்றி ஒரு வரி: நுவரெலியா மாவட்டத்தில் பாடசாலையிலும் பின்னேர வகுப்புகளிலும் பல வருடமாக இரசாயனம் படிப்பித்து வருகிறேன். உயர்தரம் வரைக்கும்தான் என் எல்லை. விடைத்தாள் திருத்தும் குழுவில் நான் இருந்ததில்லை. அதனால் புள்ளி எப்படிப் போடுவார்கள் என்று நான் சொல்வதை ஓர் ஆசிரியரின் கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இரசாயனத்தைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

தோட்டத்தில் ஒரு பெண்ணை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பெரியம்மா என்று கூப்பிடுகிறார்கள், தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் அவர் கொழுந்து பறிக்கும் தொழிலாளி, வாக்காளர் இடாப்பில் வேறு ஓர் அடையாளம். ஆள் ஒருவர்தான், யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. தாக்கங்களுக்கும் அப்படித்தான். சேர்க்கை, பிரிகை, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி என்று புத்தகத்தில் வரும் நான்கும் ஒரே கேள்விக்கு விடை: தாக்கிகளில் இருந்த துண்டுகள் விளைபொருளில் எப்படி மாறிச் சேர்ந்திருக்கின்றன? தாழ்த்தேற்றமா என்பது வேறு கேள்வி: இலத்திரன் ஒன்றிடம் இருந்து இன்னொன்றுக்குப் போனதா? புறவெப்பமா அகவெப்பமா என்பது மூன்றாவது: வெப்பம் வெளியே வந்ததா, உள்ளே போனதா? மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு மனப்பாடம் செய்வதால்தான் ஒன்றோடொன்று முட்டுகிறது. வகுப்பில் நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன, சமன்பாட்டைச் சமன்படுத்தத் தெரியாததால் வருவது குறைவு.

சரி, குறுக்குவழிக்கு வருவோம். முதல் கேள்விக்கு மட்டும் உண்மையிலேயே ஒரு குறுக்குவழி இருக்கிறது. பொருட்களுக்கு முன்னால் வரும் எண்குணகங்களை மறந்துவிட்டு, இடப்பக்கம் எத்தனை விதமான பொருள், வலப்பக்கம் எத்தனை விதமான பொருள் என்று மட்டும் எண்ணுங்கள். இடப்பக்கம் இரண்டோ கூடவோ, வலப்பக்கம் ஒன்று என்றால் சேர்க்கை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் பல என்றால் பிரிகை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருந்தால், இடப்பக்கத்தில் தனி மூலகம் ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலகமும் ஒரு சேர்வையும் போய், வேறொரு மூலகமும் வேறொரு சேர்வையும் வந்தால் ஒற்றை இடப்பெயர்ச்சி. இரண்டும் சேர்வைகளாக இருந்து, ஜோடி மட்டும் மாறியிருந்தால் இரட்டை இடப்பெயர்ச்சி. இவ்வளவுதான். நாகத்தை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் நாகக் குளோரைட்டும் ஐதரசனும் வருகின்றன. மூலகமும் சேர்வையும் போய் சேர்வையும் மூலகமும் வந்திருக்கின்றன, ஒற்றை இடப்பெயர்ச்சி. பொற்றாசியம் பரமங்கனேற்றைச் சூடாக்கினால் மூன்று பொருள் வருகின்றன, பொற்றாசியம் மங்கனேற்று, மங்கனீசீரொட்சைட்டு, ஒட்சிசன். எத்தனை வந்தால் என்ன, போனது ஒன்றுதானே, பிரிகை. இரண்டு பக்கத்தையும் பார்க்காமல் இடப்பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ‘இரண்டு பொருளைக் கலந்தோம், ஆகவே சேர்க்கை’ என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். கலப்பது நீங்கள் செய்த வேலை, வகை என்பது அதற்குப் பிறகு பொருட்கள் செய்துகொண்டது.

இரண்டாவது கேள்வி, இலத்திரன் நகர்ந்ததா என்பது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். இங்கேதான் பழைய வரைவிலக்கணமும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்து ஆளைக் குழப்புகின்றன. 1774இல் இங்கிலாந்தில் பிரீஸ்லி சிவப்பு நிற இரச ஒட்சைட்டின் மேல் வில்லையால் வெயிலைக் குவித்துச் சூடாக்கினார், ஒரு வாயு வந்தது, அதில் மெழுகுதிரி பிரகாசமாக எரிந்தது. அந்த வாயு ஒட்சிசன் என்பதையும், எரிதல் என்றால் அதோடு சேர்வது என்பதையும் பிறகு விளக்கியவர் பிரான்சின் லவோசியே. அந்தக் காலத்தில் ஒட்சிசனோடு சேர்ந்தால் ஒட்சியேற்றம், ஒட்சிசனை இழந்தால் தாழ்த்தல், கதை முடிந்தது. இலத்திரன் என்று ஒன்று இருப்பதே 1897இல் தாம்சன் கண்டுபிடித்த பிறகுதான் தெரியும். அதன் பின்னால் வந்த விளக்கத்தின்படி இலத்திரனை இழப்பது ஒட்சியேற்றம், ஏற்பது தாழ்த்தல், ஒட்சிசன் பக்கத்திலேயே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சோடியமும் குளோரீனும் சேர்ந்து உப்பாகும்போது ஒட்சிசன் எங்கும் இல்லை, ஆனால் சோடியம் ஓர் இலத்திரனை இழக்கிறது, குளோரீன் அதை வாங்குகிறது, அது தாழ்த்தேற்றம்தான். உங்கள் மகனீசியத்துக்கு ஒட்சியேற்றம் என்று எழுதியவர் மகனீசியத்தின் பக்கம் இருந்து பார்த்திருக்கிறார், அதுவும் இரண்டு வரைவிலக்கணத்துக்கும் பொருந்துகிறது. முழுத் தாக்கத்துக்கும் பெயர் வேண்டுமென்றால் தாழ்த்தேற்றம் என்பதே சரி, ஏனென்றால் ஒன்று இழந்தால் இன்னொன்று வாங்கியே ஆக வேண்டும்.

இந்த இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில உறுதியான தொடர்புகள் கிடைக்கும், இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒற்றை இடப்பெயர்ச்சி எல்லாமே தாழ்த்தேற்றம், விதிவிலக்கு இல்லை, ஏனென்றால் தனியாக நின்ற மூலகம் சேர்வைக்குள் போகிறது, சேர்வைக்குள் இருந்தது தனியாக வருகிறது. இரட்டை இடப்பெயர்ச்சி ஒன்றுகூடத் தாழ்த்தேற்றம் இல்லை, அயன்கள் ஏற்றம் மாறாமல் ஜோடியை மட்டும் மாற்றுகின்றன. சேர்க்கையும் பிரிகையும் இரண்டு பக்கமும் சாயும். மகனீசியமும் ஒட்சிசனும் சேர்வது தாழ்த்தேற்றம். ஆனால் கல்சியம் ஒட்சைட்டும் காபனீரொட்சைட்டும் சேர்ந்து கல்சியம் காபனேற்று ஆவது தாழ்த்தேற்றம் இல்லை, யாருக்கும் இலத்திரன் கைமாறவில்லை. பரமங்கனேற்றின் பிரிகையில் ஒட்சிசன் தனியாக வெளியே வருகிறது, தாழ்த்தேற்றம். சுண்ணாம்புக்கல் சூளையில் பிரிவதில் கல்சியம் ஒட்சைட்டும் காபனீரொட்சைட்டும்தான் வருகின்றன, எந்த மூலகத்தின் ஒட்சியேற்ற எண்ணும் (ஓர் அணு எத்தனை இலத்திரனை இழந்தது, ஏற்றது என்று கணக்கு வைக்கும் எண்) மாறவில்லை, தாழ்த்தேற்றம் இல்லை. ஆகவே கைக்கணக்கு இதுதான்: ஒரு மூலகம் தனிமையில் இருந்து சேர்வைக்குப் போனாலோ, சேர்வையில் இருந்து தனிமைக்கு வந்தாலோ, அது தாழ்த்தேற்றம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். திருப்பிச் சொன்னால் மட்டும் எப்போதும் சரியாக வராது, தனி மூலகம் இல்லாமலும் தாழ்த்தேற்றம் நடக்கும். அமோனியம் நைத்திரேற்றை மெதுவாகச் சூடாக்கினால் நைதரசு ஒட்சைட்டும் நீராவியும் வரும். எல்லாமே சேர்வைதான், ஆனாலும் ஒரு நைதரசனின் எண் சய 3இல் இருந்தும் மற்றதன் எண் சக 5இல் இருந்தும் இரண்டும் சக 1க்கு வந்துவிடுகின்றன. (இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். 2020 ஓகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தை நாசமாக்கியது இதே பொருள்தான்.) அந்த மாதிரி இடங்களில் ஒட்சியேற்ற எண் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை, அது உயர்தர வேலை, இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வகை சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அதைப் பலர் கேட்பதே இல்லை: அங்கே தாக்கம் நடந்ததா? நிறம் மாறுவது, வாயு வருவது, வீழ்படிவு உண்டாவது, வெப்பநிலை மாறுவது என்று புத்தகத்தில் அடையாளங்கள் இருக்கின்றன. அவை சாட்சி சொல்லும், தீர்ப்புச் சொல்லாது. யூரியாவை வாளித் தண்ணீரில் கலக்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வாளி சில்லென்று ஆகிவிடும். வெப்பநிலை நன்றாகவே மாறுகிறது, ஆனால் யூரியா கரைந்ததே தவிர வேறு பொருளாகவில்லை, தண்ணீரை வற்ற வைத்தால் யூரியாவே திரும்பக் கிடைக்கும். நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், உயரத்தில் வளியமுக்கம் குறைவு, அதனால்தான் பருப்பு வேக அவ்வளவு நேரம் எடுக்கிறது, ஆனால் அந்தக் குமிழிகள் எல்லாம் நீராவிதான், வாயு வருகிறது என்று தாக்கம் எழுத முடியாது. தட்டில் திறந்து வைத்த சூடம் நாளாக நாளாகச் சிறுத்துப் போகும், அது பதங்கமாதல், பௌதிக மாற்றம். அதே சூடத்தைக் கொளுத்தினால் கரியும் காபனீரொட்சைட்டும் நீராவியும் வருகின்றன, அது தகனம். பொருள் ஒன்று, நடப்பது இரண்டு.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. காகிதத்தில் ஜோடியை மாற்றி எழுதிவிட்டால் தாக்கம் நடந்துவிடும் என்று நினைப்பது. சோடியம் குளோரைட்டுக் கரைசலையும் பொற்றாசியம் நைத்திரேற்றுக் கரைசலையும் கலந்து, சோடியம் நைத்திரேற்றும் பொற்றாசியம் குளோரைட்டும் வந்தது என்று அழகாகச் சமன்படுத்தி எழுதலாம். உண்மையில் பாத்திரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை, கலப்பதற்கு முன்னால் தனித்தனியாக மிதந்த நான்கு அயன்களும் கலந்த பிறகும் அப்படியே மிதக்கின்றன. இரட்டை இடப்பெயர்ச்சி நடப்பதற்கு ஏதாவது ஒன்று கரைசலை விட்டு விலக வேண்டும். வீழ்படிவாகக் கீழே இறங்கலாம், வாயுவாக மேலே போகலாம், நீராகச் சேர்ந்துகொள்ளலாம். ஒற்றை இடப்பெயர்ச்சிக்கு உலோகங்களின் தாக்குதிறன் தொடரைப் பார்க்க வேண்டும், தாக்குதிறன் கூடியது மேலே நிற்கும் வரிசை அது. இரும்பாணியை நீல நிறச் செப்பு சல்பேற்றுக் கரைசலில் போட்டால் ஆணியில் செம்பழுப்பாகச் செப்புப் படியும், நீலம் மங்கி இளம்பச்சைக்குப் போகும், ஏனென்றால் இரும்பு செப்புக்கு மேலே இருக்கிறது. செப்புக் கம்பியை இரும்பு சல்பேற்றில் போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருந்தாலும் ஒன்றும் வராது. செப்பை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டு ஐதரசன் வந்ததாக எழுதுவதும் இதே வகைத் தவறுதான். தொடரில் செப்பு ஐதரசனுக்குக் கீழே. அலுமினியத் தூளையும் இரும்பு ஒட்சைட்டையும் கலந்து பற்றவைத்தால் 2000 பாகைக்கும் மேல் சூடேறி உருகிய இரும்பு வழியும், ரயில் தண்டவாளத் துண்டுகளைப் பொருத்துவதற்குப் பல நாடுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதுவும் சாதாரண ஒற்றை இடப்பெயர்ச்சிதான், அலுமினியம் இரும்புக்கு மேலே இருக்கிறது என்பதற்கு மேல் அதில் இரகசியம் ஒன்றும் இல்லை.

அயன்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பரீட்சைக்கு உடனே தேவைப்படாவிட்டாலும். வெள்ளி நைத்திரேற்றையும் சோடியம் குளோரைட்டையும் கலந்தால் வெண்ணிற வெள்ளிக் குளோரைட்டு வீழ்படிவாகும், இரட்டை இடப்பெயர்ச்சி என்று எழுதுகிறோம், சரிதான். ஆனால் சோடியம் அயனும் நைத்திரேற்று அயனும் அங்கே சும்மா வேடிக்கை பார்க்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது, ஒரு வெள்ளி அயனும் ஒரு குளோரைட்டு அயனும் சேர்ந்தன என்பது மட்டும்தான். அயன் சமன்பாட்டில் அது சேர்க்கை மாதிரி நிற்கிறது! நடுநிலையாக்கலும் இப்படியே. வன்னமிலம் எதுவானாலும், வன்காரம் எதுவானாலும், ஐதான கரைசலில் ஒரு மூல் நீர் உண்டாகும்போது வெளிவரும் வெப்பம் ஏறக்குறைய 57 கிலோயூல், ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. காரணம், உள்ளே நடப்பது ஒரே வேலைதான், ஐதரசன் அயனும் ஐதரொட்சைட்டு அயனும் நீராகச் சேர்வது. ஆகவே இரட்டை இடப்பெயர்ச்சி என்ற பெயர் நாம் எழுதும் சமன்பாட்டின் வடிவத்துக்கு வைத்த பெயர். தாக்கத்தின் உள்ளே நடப்பதற்கு அது எப்போதும் நேராகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எண்ணிப் பார்க்கும் குறுக்குவழி தடுக்கி விழும் ஓர் இடம், இரண்டு படியில் நடக்கும் தாக்கங்கள். காபனேற்றும் அமிலமும் சேர்ந்தால் உப்பு, நீர், காபனீரொட்சைட்டு என்று மூன்று வருகின்றன, இரண்டு போய் மூன்று வந்தால் எந்தப் பெட்டி? முதலில் ஜோடி மாறி உப்பும் காபோனிக் அமிலமும் உண்டாவதாக எழுதுங்கள், அது இரட்டை இடப்பெயர்ச்சி. பிறகு அந்தக் காபோனிக் அமிலம் நிலைக்காமல் நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் உடைகிறது, அது பிரிகை. நம் ஊரில் இதைப் பார்க்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. தேயிலைக்கு மண் அமிலமாகத்தான் இருக்க வேண்டும், பிஎச் 4.5இல் இருந்து 5.5 வரை நல்லது, ஆனால் அதற்கும் கீழே போனால் கூடாது. சல்பேற் ஒப் அமோனியா மாதிரி உரங்களைப் போட்டுக்கொண்டே வந்தால் மண் மேலும் மேலும் அமிலமாகும். மண்ணில் உள்ள பற்றீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும்போது ஐதரசன் அயன்கள் வெளிவருகின்றன, அதுவும் ஒரு தாழ்த்தேற்றம்தான், நைதரசன் சய 3இல் இருந்து சக 5க்கு ஏறுகிறது. அதைச் சரிக்கட்டத்தான் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடுகிறார்கள். டொலமைட் என்பது கல்சியமும் மகனீசியமும் சேர்ந்த காபனேற்று, மண்ணின் அமிலத்தோடு சேர்ந்து, நான் இப்போது சொன்ன அதே இரண்டு படியில் காபனீரொட்சைட்டை விட்டுவிட்டு அமிலத்தைக் குறைக்கிறது. மெதுவாக நடப்பதால் நுரை ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் சுண்ணாம்புக்கல் துண்டின் மேல் தேசிக்காய்ப் புளியை விட்டுப் பாருங்கள்.

இதே மாதிரி இன்னொரு இரண்டு படி, அமோனியம் உப்பும் காரமும். சல்பேற் ஒப் அமோனியாவோடு நீற்றிய சுண்ணாம்பைக் கலந்தால் மூக்கைத் துளைக்கும் அமோனியா வரும். முதலில் ஜோடி மாற்றம், பிறகு அமோனியாவும் நீருமாகப் பிரிதல். உரத்தையும் சுண்ணாம்பையும் ஒன்றாகக் கலந்து போடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுவே, காசு கொடுத்து வாங்கிய நைதரசன் காற்றோடு போய்விடும். அப்பச்சோடாவையும் இங்கே சொல்லலாம். அதைத் தனியாகச் சூடாக்கினால் சோடியம் காபனேற்றும் நீரும் காபனீரொட்சைட்டும் வருகின்றன, பிரிகை. தயிரோடோ தேசிக்காயோடோ சேர்த்தால் அதே காபனீரொட்சைட்டு வேறு வழியாக வருகிறது, அமிலத்தோடு நடக்கும் அந்த இரண்டு படி வழி. வந்த வாயுவை மட்டும் பார்த்து வகை சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்புறம், நான்கு பெட்டிகளில் எதிலும் நிற்காத தாக்கங்கள். இவை ஏராளம், ஆனால் புத்தகத்தில் நான்கு தலைப்பைப் பார்த்த பிள்ளைகள் உலகத்தில் நடக்கும் எல்லாத் தாக்கமும் அதற்குள் அடங்கிவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். சிலிண்டரில் வரும் சமையல் வாயு எரியும்போது இரண்டு பொருள் போய் இரண்டு பொருள் வருகின்றன, தனி மூலகம் போகிறது, தனி மூலகம் வரவில்லை. ஒற்றை இடப்பெயர்ச்சியும் இல்லை, இரட்டையும் இல்லை, தகனம் என்று தனியாகத்தான் எழுத வேண்டும், தாழ்த்தேற்றம் என்றும் எழுதலாம். ஊதுலையில் காபனோரொட்சைட்டு இரும்பு ஒட்சைட்டில் இருந்து ஒட்சிசனைப் பிடுங்குவது தாழ்த்தேற்றம், நான்கில் ஒன்றும் இல்லை. செப்பைச் செறிந்த நைத்திரிக் அமிலத்தில் போட்டால் கபில நிற நைதரசனீரொட்சைட்டு வரும், ஐதரசன் வராது. நைத்திரிக் அமிலத்தில் செப்பை ஒட்சியேற்றுவது நைத்திரேற்றுப் பகுதி, அதனால் அதை ஒற்றை இடப்பெயர்ச்சி என்று எழுதினால் பிழை.

தேயிலையை எடுங்கள். கொழுந்தை வாட்டி, ரோலரில் கசக்கும்போது கலங்கள் உடைந்து, இதுவரை தனித்தனி அறையில் இருந்த நொதியமும் கற்றெக்கின் என்ற பொலிபீனோல்களும் காற்றில் உள்ள ஒட்சிசனோடு சந்திக்கின்றன. கற்றெக்கின்கள் ஒட்சியேறி, பிறகு ஒன்றோடொன்று இணைந்து, செம்மஞ்சள் நிறத் தேயாபிளேவின்களும் கபில நிறத் தேயாருபிகின்களும் உண்டாகின்றன. தொழிற்சாலையில் பதம் பார்த்து ட்ரையருக்கு அனுப்புவது அந்தத் தாக்கத்தை நிறுத்தத்தான், சூட்டில் நொதியம் செயலிழந்துவிடும். பச்சைத் தேயிலைக்கு அந்தச் சூட்டை முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இது என்ன வகை? நொதியம் ஊக்கியாக நின்று நடத்தும் ஒட்சியேற்றம். ஈஸ்ட் சீனியை மதுசாரமாக்குவது போன்ற வேலை இங்கே நடப்பதில்லை. நான்கு பெட்டியில் எதிலும் இதைப் போட முடியாது, போட முயலவும் வேண்டாம். அந்தத் தேத்தண்ணியில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளுப்பது இன்னொரு வகை, அந்த நிறப்பொருட்கள் மென்னமிலங்கள், அமிலம் கூடும்போது அவற்றின் அயன் வடிவம் குறைந்து நிறம் இளகுகிறது, இது அமில மூலத் தாக்கம், இலத்திரன் நகரவில்லை. வாழைக்காய் வெட்டிய இரும்புக் கத்தி கறுப்பது மூன்றாவது வகை, காயில் உள்ள பொலிபீனோல்களும் இரும்பு அயனும் சேர்ந்து சிக்கற் சேர்வை உண்டாகிறது, தேயிலைச் சாயம் இரும்பில் பட்டாலும் அதே கறுப்புத்தான். ஒரே குசினிக்குள் மூன்று நிறமாற்றம், மூன்றும் மூன்று விதம்.

துருவைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். லயத்துக் கூரைத் தகரம் துருப்பிடிப்பதைச் சேர்க்கை என்று சில புத்தகங்களில் எழுதியிருக்கும், இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்து இரும்பு ஒட்சைட்டு என்று. சாதாரண தரத்துக்கு அது போதும். உண்மையில் துருவுக்கு ஒட்சிசனும் நீரும் இரண்டும் வேண்டும், உண்டாவது நீரேறிய இரும்பு ஒட்சைட்டு, அதுவும் ஒரே அடியில் உண்டாவதில்லை. உலோகத்தின் ஓர் இடத்தில் இரும்பு இலத்திரனை விட, இன்னோர் இடத்தில் ஒட்சிசன் அதை வாங்க, இடையில் ஈரப்படலம் கம்பி மாதிரி அயன்களைக் கடத்த, பிறகு பல படிகள் தாண்டித்தான் நாம் பார்க்கும் செம்பழுப்புப் பொடி. நம் பக்கத்து மூடுபனிக்கும் மழைக்கும் அந்த ஈரப்படலத்துக்குக் குறைவே இல்லை. தகரத்தின் மேல் நாகம் பூசியிருப்பது இதற்காகத்தான், நாகம் தொடரில் இரும்புக்கு மேலே இருப்பதால் கீறல் விழுந்த இடத்திலும் அது முதலில் ஒட்சியேறி இரும்பைக் காப்பாற்றும், நாகம் தீர்ந்த பிறகு இரும்பின் முறை. ஆகவே துரு தாழ்த்தேற்றம் என்பதில் சந்தேகமே இல்லை, சேர்க்கை என்பது எளிமைப்படுத்திய சமன்பாட்டுக்கு மட்டும் பொருந்தும்.

உப்பு கரைவது தாக்கமா என்று கேட்டீர்கள். பாடசாலை அளவில் இல்லை, பௌதிக மாற்றம் என்றுதான் எழுத வேண்டும், வற்ற வைத்தால் உப்பே திரும்பி வருகிறது என்பதைக் காரணமாகக் காட்டலாம். ஆனால் இந்தக் கோடு புத்தகத்தில் இருக்கும் அளவுக்குத் தெளிவான கோடு இல்லை, இதில் இரசாயனம் படித்தவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. உப்புப் பளிங்கில் அயன்களுக்கு இடையே இருந்த பிணைப்பு உடைந்து, ஒவ்வொரு அயனையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன, பிணைப்பு உடைவதும் புதிதாகப் பிணைவதும் நடந்தால் அது ஏன் இரசாயனம் இல்லை என்று கேட்டால் நேரான பதில் கிடையாது. ‘திரும்பக் கிடைத்தால் பௌதிகம்’ என்ற அளவுகோலும் எப்போதும் உதவாது. நீலச் செப்பு சல்பேற்றைச் சூடாக்கினால் நீர் போய் வெள்ளைத் தூளாகும், நீர் விட்டால் உடனே நீலம் திரும்பும், இருந்தும் பளிங்குக்குள் செப்பு அயனோடு பிணைந்திருந்த நீர் விலகியதால் அதை இரசாயன மாற்றமாகவே பெரும்பாலும் எடுக்கிறார்கள், பிரிகை என்று எழுதுவது ஏற்கத்தக்கது. ஐதரசன் குளோரைட்டு வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் மட்டும் விவாதத்துக்கே இடமில்லை, வாயுவில் அயன் இல்லை, கரைசலில் இருக்கிறது, புதிதாக உண்டாகியிருக்கிறது, அது தாக்கம்.

இனிப் பரீட்சைப் பக்கம். இது என் கணிப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கேள்வியில் ‘தாக்க வகை’ என்று மட்டும் இருந்து, அது சாதாரண தர வினாத்தாளாகவும் இருந்தால், நான்கில் ஒன்றைத்தான் எதிர்பார்க்கிறார்கள், மகனீசியத்துக்குச் சேர்க்கை என்று நீங்கள் எழுதியது பொருத்தமான விடை. ‘வெப்ப மாற்றத்தின் அடிப்படையில்’ என்று இருந்தால் புறவெப்பம். ‘மகனீசியத்துக்கு நடந்தது என்ன’ என்று கேட்டால் ஒட்சியேற்றம். கேள்வி மொட்டையாக இருந்து சந்தேகம் வந்தால் இரண்டையும் எழுதாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் என் பிள்ளைகளுக்குச் சொல்வது, நான்கில் ஒன்றை முதலில் எழுதிவிட்டு, சேர்க்கைத் தாக்கம், அது தாழ்த்தேற்றமும் ஆகும் என்று ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள் என்பதுதான், ஒன்றுக்கொன்று முரணான விடை இல்லையே. பல்தேர்வு வினாவில் அந்த வசதி இல்லை, அங்கே தெரிவுகளைப் பாருங்கள். நான்கு தெரிவும் ஒரே பட்டியலில் இருந்து வந்திருந்தால் எந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். பட்டியல்கள் கலந்து கிடந்து இரண்டு தெரிவு சரியாக வந்தால் அது கேள்வி தயாரித்தவரின் பிழை, உங்கள் ஆசிரியரிடம் சமன்பாட்டோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பழகிப் பார்க்க ஆறு தருகிறேன்: சுட்ட சுண்ணாம்பில் நீர் விடுவது, ஐதரசன் பேரொட்சைட்டு நீராகவும் ஒட்சிசனாகவும் மாறுவது, குளோரீன் வாயுவைப் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலில் செலுத்துவது, ஈய நைத்திரேற்றையும் பொற்றாசியம் அயடைட்டையும் கலப்பது, அமோனியாவும் ஐதரசன் குளோரைட்டும் சந்தித்து வெண்புகை வருவது, சோடியம் தண்ணீரில் ஓடுவது. ஒவ்வொன்றுக்கும் நான்கில் எது என்று மட்டும் எழுதாமல், தாழ்த்தேற்றமா இல்லையா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். முதலாவதும் ஐந்தாவதும் சேர்க்கை, தாழ்த்தேற்றம் இல்லை. இரண்டாவது பிரிகை, தாழ்த்தேற்றம். மூன்றாவதும் ஆறாவதும் ஒற்றை இடப்பெயர்ச்சி, ஆகவே தாழ்த்தேற்றம். நான்காவது இரட்டை இடப்பெயர்ச்சி, ஆகவே இல்லை, மஞ்சள் வீழ்படிவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சோடியத்தில் மாட்டிக்கொண்டால், தண்ணீரை ஐதரசனும் ஐதரொட்சைட்டும் சேர்ந்த பொருளாக எழுதிப் பாருங்கள், எந்த ஐதரசன் வெளியே தள்ளப்பட்டது என்பது தெரிந்துவிடும்.